பல்லிளித்த தையல்

"என்னடா இது, தையல் இப்படிப் பல்லை இளிக்குது?" என்று கேட்டுவிட்டு அத்தை என் குவில்ட்டின் ஓரத்தைக் கீழே விட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து மாதம் உட்கார்ந்து கையாலேயே தைத்தது அது. என் முதல் குவில்ட், அதாவது துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் பஞ்சுப் போர்வை. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டு முடித்து, மடிப்புக் கலையாமல் கொண்டுபோய் அவர் மடியில் வைத்திருந்தேன். முன்பக்கத்தில் வண்ணத் துண்டுகளைப் பொருத்த நான் பட்ட பாட்டை அவர் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. நேராகப் புரட்டிப் பின்பக்கம் போய்விட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, துணியை முகத்துக்கு அருகே கொண்டுவந்து, ஒரு வரிசையை விரலால் தடவிக்கொண்டே போனார். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

அத்தை கையால் தைத்ததைப் பார்த்தவர்களுக்கு அது கேள்வி இல்லை, தீர்ப்பு என்பது புரியும். அங்குலத்துக்குப் பத்து தையல் போடுவார். அளவுகோல் வைத்துப் பார்த்தால் பத்து இருக்கும். ஒரு முழம் தள்ளி வைத்துப் பார்த்தாலும் பத்தே இருக்கும். என்னுடையது அங்குலத்துக்கு நாலு, சில இடத்தில் நாலரை. ஆகவே அவர் நீளத்தைத்தான் குறை சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரு வருடம் மனசுக்குள்ளேயே அவரோடு சண்டை போட்டேன்.

பெரிய தையலை நான் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்திருந்தேன். சின்னத் தையலில் நூல் கண்ணில் படாது. துணிக்குள் அமுங்கிப்போய் ஒரு சின்னக் குழி விழும். வெளிச்சம் சாய்வாகப் பட்டால் அந்தக் குழிகளின் நிழல்தான் கோலமாகத் தெரியும். அதற்கென்று விற்கும் கைத்தையல் நூலும் மெல்லியது, மேலே பூச்சு கொடுத்து வழவழப்பாக்கியது. பெரிய தையலில் நூல் துணிமேல் படுத்துக் கிடக்கும். நிறம் தெரியும், தடிமன் தெரியும், புரி புரியாக முறுக்கியிருப்பது தெரியும். யாரோ ஒருவர் பென்சிலை எடுத்து நிதானமாகக் கோடு இழுத்துக்கொண்டே போனதைப் பார்ப்பது போல இருக்கும். எனக்கு அது பிடிக்கும். குவில்ட் தைப்பவர்களில் ஒரு சாரார் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்பதும் தெரியும். 'கால் நகம் மாட்டும் தையல்' என்று இதற்கு ஒரு பட்டப்பெயரே அவர்களிடம் உண்டு.

மனசுக்குள் நான் தயாரித்து வைத்திருந்த வாதங்களில் தலையானது, அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் பெண்கள் தைத்த குவில்ட்கள். உழைத்துத் தேய்ந்த உடுப்புகளைக் கிழித்து, வீட்டில் குளிர் தாங்குவதற்காகத் தைத்தவை. 2002-ல் முதலில் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவரில் ஏறியபோது, ஓவியங்களைப் பற்றிப் பேசுவது போல அவற்றைப் பற்றிப் பேசினார்கள். யாரும் அங்குலத்துக்கு எத்தனை என்று எண்ணிக்கொண்டு நிற்கவில்லை. இதைச் சொன்னால் அத்தை வாயடைத்துப்போவார் என்று நினைத்தேன். ஆனால் சொல்லவில்லை. பெரியவர்களிடம் வாதாடக் கூடாது என்ற மரியாதை பாதி. சொன்ன பிறகும் அவர் பேசாமல் பின்பக்கத்தையே தடவிக்கொண்டிருப்பார் என்ற பயம் பாதி.

நூலின் மேல் விழுந்த பழி

அந்த ஐந்து மாதமும் சுகமாகத் தைத்தேன் என்று சொன்னால் பொய். பெரிய தையலுக்குப் பெர்ல் காட்டன் என்ற பளபளப்பான முறுக்கு நூல் நல்லது, 8-ஆம் எண் பொருத்தம் என்று எல்லாரும் சொன்னதைக் கேட்டு அதை வாங்கியிருந்தேன். ஊசிக்கு யாரையும் கேட்கவில்லை. 'குவில்ட் தைக்கும் ஊசி' என்று உறையிலேயே எழுதியிருந்தது. பிறகு எதற்கு யோசனை? பிட்வீன்ஸ் என்பார்களே, அந்தக் குட்டை ஊசி, 7-ஆம் எண். அதன் காது ஒரு புள்ளி. நூல் முனையை நாக்கில் நனைத்து, பல்லால் தட்டையாக்கி, சாய்வாக வெட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கோர்ப்பேன். கோர்த்துவிட்டால் வெற்றி என்று நினைப்பேன். உண்மையில் தொல்லை அங்கேதான் ஆரம்பம். ஊசியின் உடம்பு துணிக்குள் சுலபமாகப் போய்விடும். காது வரும்போது நின்றுவிடும். இழுக்க வேண்டும். விரல் வழுக்கியதால் ரப்பர் துண்டு ஒன்றால் பிடித்து இழுத்தேன். துண்டுகள் கூடும் இடத்தில், அதாவது நாலைந்து மடிப்பு ஒன்றின் மேல் ஒன்று வரும் மூலையில், ரப்பரும் கைவிட்டது. சின்னக் குறடு வந்தது.

குறடு வைத்துத் தைக்கிற ஒருவன் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தேன், ஆனால் நூலைப் பற்றி. ஏனென்றால் கண்ணுக்குத் தெரிந்து கெட்டுப்போனது நூல்தான். ஒரு சாண் தைப்பதற்குள் ஊசிக் காதுக்கு அருகே நூல் பஞ்சு விட்டுவிடும். பெர்ல் நூலின் பளபளப்பு போய், பூனை புரண்டெழுந்த பாய் மாதிரி ஆகிவிடும். ஆக நூல் மட்டம், வேறு நூல் வாங்கு.

முதலில் போனது சாதாரண எம்பிராய்டரி நூலுக்கு. ஆறு இழை சேர்ந்து வரும் சிட்டம். மூன்று இழை பிரித்து எடுத்துத் தைத்தேன். காதுக்குள் கொஞ்சம் சுலபமாகவே போனது. ஆனால் அந்த இழைகளைச் சேர்த்துப் பிடிக்க முறுக்கு ஒன்றும் இல்லை. நாலு தையலுக்குள் ஓர் இழை பின்தங்கி மேலே வளையமாக நிற்கும், மற்ற இரண்டும் இறுகிப்போயிருக்கும். இழைகளை ஒவ்வொன்றாக உருவித் தனித்தனியாக்கி, மறுபடி ஒன்றாக அடுக்கிக் கோர்த்தால் இது குறையும் என்று பிறகு கற்றுக்கொண்டேன். சின்னப் பூ தைக்க அந்தப் பொறுமை இருக்கும். ஒரு படுக்கை அகலத்துக்கு வரிசை வரிசையாகத் தைக்கும்போது என்னிடம் இல்லை.

அடுத்தது சாஷிகோ நூல். ஜப்பானியரின் அந்தத் தையலே பெரிய ஓட்டுத் தையல்தான், ஆகவே சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது போல நம்பிக்கையோடு போனேன். முறுக்கு தளர்வு, பளபளப்பு இல்லாத மென்மையான பருத்தி. துணிமேல் உட்கார்ந்தால் அழகு. ஆனால் அந்தக் குட்டை ஊசியின் காதில் அதைக் கோர்ப்பதற்குள் முனை பிரிந்து துடைப்பம் ஆகிவிட்டது. ஒரே மாலையில் அந்தச் சிட்டத்தை மூட்டை கட்டினேன்.

இந்த அலைச்சலில் கிடைத்த ஒரே லாபம், பெர்ல் நூலின் எண் எதைக் குறிக்கிறது என்று புரிந்துகொண்டது. எண் ஏற ஏற நூல் மெலியும் என்பது எனக்கு மனப்பாடம், காரணம்தான் தெரியாது. ஒரு நாள் டிஎம்சி என்ற நிறுவனத்தின் நூல் உருண்டைகள் இரண்டின் சீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டும் பத்து கிராம். 8-ஆம் எண் உருண்டையில் 80 மீட்டர். 12-ஆம் எண் உருண்டையில் 120 மீட்டர். ஒரு கிராம் நூலை எத்தனை மீட்டருக்கு இழுக்கலாமோ அதுதான் எண்! 5-ஆம் எண் சிட்டம் ஐந்து கிராம், 25 மீட்டர். அதுவும் சரியாக வந்தது. அதிகம் நீண்டால் மெலியத்தானே வேண்டும். பளபளப்புக்கும் ஒரு கதை இருக்கிறது. 1844-ல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் முக்கினால் இழை உப்பி உருண்டையாகிறது, சாயத்தை நன்றாகப் பிடிக்கிறது என்று கண்டார். நூல் சுருங்கியதால் அது அப்படியே கிடந்தது. 1890 வாக்கில் ஹொரஸ் லோ என்பவர் நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டே முக்கிப் பார்த்தபோதுதான் சுருக்கமும் நின்றது, பட்டு போன்ற மினுக்கமும் வந்தது. இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய மினுக்கத்தை என் குறடு ஒரு சாணில் உரித்துக்கொண்டிருந்தது.

கடைசியாக 12-ஆம் எண்ணுக்கு இறங்கினேன். காதில் போனது, பஞ்சு விடுவதும் குறைந்தது. ஆனால் நான் ஆசைப்பட்ட அந்தப் பென்சில் கோடு காணாமல் போயிற்று. பெரிய தையலை மெல்லிய நூலில் போட்டால், அது அவசரத்தில் போட்ட கச்சாத் தையல் மாதிரி, பிறகு பிரித்துவிடப் போகிறார்கள் என்பது போல இருந்தது. (12-ஆம் எண் மேல் எனக்கு இப்போது நல்ல மரியாதை உண்டு. அங்குலத்துக்கு ஆறு ஏழு தையல் போடுகிற கைக்கு அது அருமையான நூல். அன்று என் தையலின் நீளத்துக்கு அது போதவில்லை.)

காதற்ற ஊசி

முதல் குவில்ட் எப்படியோ முடிந்து, அத்தையிடம் பெயர் வாங்கி, பெட்டிக்குள் போய்விட்டது. இரண்டாவதைப் பிடிவாதத்துக்காக ஆரம்பித்தேன். அதே 8-ஆம் எண் நூல், அதே ஊசி, இன்னும் பெரிய குறடு. ஒரு ராத்திரி, நாலு துண்டுகள் கூடும் மூலையில் ஊசி மாட்டிக்கொண்டது. குறட்டால் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். ஊசி வந்துவிட்டது. நூல் வரவில்லை. காது பாதியில் முறிந்து, ஒரு கவட்டை மாதிரி நின்றது. காதற்ற ஊசி, காதற்ற ஊசி என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். கையில் வைத்துப் பார்த்தது அன்றுதான்.

அந்த வகை ஊசி வீட்டில் அதுதான் கடைசி. வரிசை முடிய ஒரு சாண்தான் பாக்கி. எம்பிராய்டரிப் பெட்டியைத் துழாவியதில் ஒரு செனில் ஊசி கிடைத்தது, 24-ஆம் எண். முனை கூர், காது நீளம், உடம்பு என் பழைய ஊசியைப் பார்க்கத் தடியன். இந்தக் கோணி ஊசியைக் குத்தினால் துணியில் ஓட்டை ஓட்டையாக நிற்குமே என்று நொந்துகொண்டேதான் நூலைக் கோர்த்தேன். நாக்கில் நனைக்காமலே கோர்த்தேன் என்பதைக் கவனிக்கக்கூட இல்லை. ஊசியைக் குத்தினேன். உள்ளே போவதற்குக் கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அது பாட்டுக்கு வெளியே வந்துவிட்டது. காது வந்த இடத்தில் நிற்கவே இல்லை. கை இழுக்கத் தயாராக இருந்ததால், ஒன்றும் தடுக்காமல் நூல் சரசரவென்று மொத்தமாக ஓடி வந்து முழங்கை பின்னால் போய் நாற்காலியில் இடித்துக்கொண்டது.

அந்த இடிதான் எனக்கு ஞானம். அதிகம் யோசிக்க வேண்டியதில்லை, ஆனால் நான் ஒரு முறையாவது யோசித்திருக்கலாம். துணிக்குள் நுழைகிற நேரத்தில் நூல் ஒற்றையாக இல்லை. காதுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டாக மடிந்து நுழைகிறது. அந்த இரட்டை நூலும் காதின் உலோகமும் சேர்ந்து போக ஒரு வழி வேண்டும். வழி விடுவது ஊசியின் வேலை. ஊசி மெலிதாக இருந்தால் அது போடாத துளையை நூல் தன் உடம்பைத் தேய்த்துப் போட வேண்டியிருக்கிறது. ஒரு தையலுக்கு மூன்று அடுக்கு, உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை. ஒரு முழ நூலின் காதோரப் பகுதி எத்தனை தடவை அரைபட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பஞ்சு விடாமல் என்ன செய்யும்? நான் மாற்றிய மூன்று நூல்களும் நல்ல நூல்கள்தான். மூன்றையும் ஒரே கதவிடுக்கில் வைத்து நசுக்கியிருக்கிறேன்.

ஓட்டை விஷயமும் நான் பயந்தபடி இல்லை. தைத்த வரிசையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். செனில் ஊசி போட்ட துளையை நூல் நிரப்பிவிட்டிருந்தது. சுற்றியிருந்த இழைகள் அறுபடவில்லை, விலகி நின்றிருந்தன. நகத்தால் இரண்டு தடவை கீறியதும் கூடிக்கொண்டன. பழைய வரிசையில்தான் கோளாறு. அங்கே துளையைச் சுற்றித் துணி உள்ளே இழுபட்டுச் சுருங்கியிருந்தது. இன்னொன்றும் அன்று கண்ணில் பட்டது. குறடு போட்டு இழுத்த தையல் இறுக்கமாகவும், கை அலுத்துப் போய்ப் பாதி இழுப்பில் விட்ட தையல் தளர்வாகவும், ஒன்று விட்டு ஒன்று மாறி மாறி நின்றன. இதை எங்கோ கேள்விப்பட்டிருக்கிறோமே என்று ஒரு நெருடல். அந்த ராத்திரி அது பிடிபடவில்லை.

ஊசிகளின் எண் வழக்கு

அப்புறம் ஊசிகளைப் படிக்க ஆரம்பித்தேன். ஊசிக்கும் நூலைப் போலவே எண் ஏற ஏற உடம்பு மெலியும். ஆனால் ஒரு வகைக்குள் மட்டும்தான். செனில் 24-ஐயும் பிட்வீன்ஸ் 7-ஐயும் எண்ணை வைத்து ஒப்பிட்டால், 24 ஏதோ தலைமயிர் போல இருக்கும் என்று தோன்றும். நேரில் பார்த்தால் 24 தான் தடி. இதை உறையில் எங்கும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு வகையும் தனித்தனிக் குடும்பம், ஒரு குடும்பத்தின் வயதுக் கணக்கு இன்னொரு குடும்பத்துக்குச் செல்லாது என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

இப்போது என் ஊசிக் குஷனில் நிரந்தரமாக இருப்பவை இரண்டே வகை. ஒன்று செனில். இதற்கு டேப்பெஸ்ட்ரி என்று ஒரு பங்காளி உண்டு. எண்ணும் ஒன்று, காதும் ஒன்று, முனை மட்டும் மொட்டை. கம்பளி பின்னலுக்கும் இழைகளுக்கு நடுவே துளை தெரியும் நெசவுத் துணிக்கும் அந்த மொட்டை முனை வேண்டும், நெருங்கிய நெசவைத் துளைக்க அது ஆகாது. உறை மாறிப்போய் அதை எடுத்து அரைமணி நேரம் போராடியவர்களில் நானும் ஒருவன். இன்னொன்று எம்பிராய்டரி ஊசி, க்ரூவெல் என்றும் சொல்வார்கள். செனிலை விட மெலிந்த உடம்பு, காது மட்டும் நீளம். 8-ஆம் எண் நூலுக்கு இதில் 5-ஆம் எண், 12-ஆம் எண் நூலுக்கு 7-ஆம் எண் என்று எனக்குப் படிந்துவிட்டது. உங்கள் கைக்கு ஓர் எண் முன்பின்னாக இருக்கலாம்.

சாஷிகோ ஊசியைச் சேர்க்கவில்லையே என்று கேட்பீர்கள். அது நல்ல நீளம், வளைந்து கொடுக்காது. நாலைந்து தையலை ஊசியிலேயே வரிசையாக ஏற்றிக்கொண்டு, துணியை ஊசிமேல் தள்ளிப் பிறகு ஒரே இழுப்பில் உருவுவதற்காகச் செய்தது. நேர்கோட்டுக்கு அதைப் போல வேகம் வேறு எதிலும் இல்லை. ஆனால் என் கோடுகளில் பாதி வளைவு. வளைவில் நீள ஊசி கை விரலுக்கு முன்னால் போய் நிற்கும். அதோடு, சாஷிகோ பெரும்பாலும் இரண்டு அடுக்குத் துணி. நடுவில் கனமான பஞ்சு இருந்தால் அதே ஊசி அத்தனை தையலை ஏற்றிக்கொள்ளாது. பிட்வீன்ஸைக் குறை சொல்லிவிட்டேனே தவிர, அத்தையின் அங்குலத்துக்குப் பத்துக்கு அந்தக் குட்டைதான் பொருத்தம். ஊசி குட்டையாக இருந்தால்தான் முனை விரலுக்குப் பக்கத்திலேயே எழும், எடுக்கும் துணியும் கொஞ்சமாக இருக்கும். வேறு வேலைக்குப் பிறந்தவனைக் கொண்டுவந்து மூட்டை தூக்க வைத்தது நான்தான்.

ஒரு சாண் சதுரத்தில் ஒன்பது வரிசை

உடைந்த ஊசிக்குப் பிறகு எந்தக் குவில்ட்டையும் சோதனைத் துண்டு தைக்காமல் ஆரம்பிப்பதில்லை. ஒரு சாண் சதுரம். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றும் அந்தக் குவில்ட்டில் போகப்போகிற அதே பொருளாக இருக்க வேண்டும். மிச்சம் கிடந்த ஏதோ ஒரு துணியில் சோதிப்பது வேறொருவர் காலுக்குச் செருப்பு வாங்குவது போல. (பஞ்சை பேட்டிங் என்று சொல்கிறார்கள். வீட்டில் "பேட்டிங் எப்படி இருக்கு?" என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்; பக்கத்து அறையிலிருந்து ஸ்கோர் சொன்னார்கள்.) வரிசைக்கு ஒரு நூல், ஒரு ஊசி. பக்கத்திலேயே பேனாவால் இரண்டின் எண்ணையும் எழுதிவிடுவேன். எழுதாமல் விட்ட முதல் துண்டில், எனக்கு மிகவும் பிடித்த வரிசை எது என்று தெரிகிறது, எதால் தைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

முதல் துண்டுகளில் ஒன்று எனக்குச் சொல்லித்தந்தது ஊசியையும் நூலையும் பற்றி அல்ல, அடித்துணியைப் பற்றி. ஒட்டுப் போடாமல் ஒரே அகலம் கிடைக்கிறதே என்று முதல் குவில்ட்டுக்குப் படுக்கை விரிப்பு ஒன்றை அடித்துணியாகப் போட்டிருந்தேன். பார்க்க மெத்தென்று இருக்கும், நெசவு மிக நெருக்கம். ஊசி முனை இழைக்கும் இழைக்கும் நடுவே போக இடம் தேடித் தடுமாறும். பாத்திக் துணியும் இப்படித்தான் மல்லுக்கு நிற்கும். சாதாரணப் பருத்தித் துணியில் வெண்ணெயாகப் போன அதே 5-ஆம் எண் ஊசி, விரிப்பில் 'டக்' என்று சத்தம் போட்டு நுழைந்தது. அந்த ஐந்து மாதக் குறட்டு வைபவத்தில் ஊசிக்குப் பாதிப் பங்கு என்றால் விரிப்புக்குக் கால் பங்காவது இருக்கும்.

மற்றபடி, 5-ஆம் எண் பெர்ல் நூலை 20-ஆம் எண் செனிலில் கோர்த்துத் தைத்த வரிசை கயிறு கட்டியது போல இருந்தது. கம்பளித் துணியில் அழகாக இருக்கலாம், மெல்லிய பருத்தியில் நூல்தான் துணியைத் தூக்கிச் சுமக்கிறது. 8-ஆம் எண்ணை 22-ஆம் எண் செனிலில் தைத்தது சுலபமோ சுலபம், ஆனால் துளை நூலைவிடக் கொஞ்சம் பெரிதாக நின்றது. 24-ல் துளை நிரம்பியது. 5-ஆம் எண் எம்பிராய்டரி ஊசியில் நிரம்பியதோடு, கோர்ப்பதற்கு மட்டும் கொஞ்சம் கண் வேண்டியிருந்தது. மெல்லிய பஞ்சென்றால் அதையும், கனத்த பஞ்சென்றால் 24-ஐயும் எடுக்கிறேன். சாஷிகோ நூலுக்கும் அவ்விதமே பெரிய காதைக் கொடுத்தேன். துடைப்பம் ஆகாமல் சமர்த்தாக வந்தது. ஒரு மாலையில் மூட்டை கட்டியவனை அழைத்து மன்னிப்புக் கேட்டது போல இருந்தது.

நிறத்தைப் பற்றி ஒன்று. துணியோடு ஒத்துப்போகும் நிறத்தில் நூல் போட்டால் குறை தெரியாது, எதிர்நிறம் போட்டால் எல்லாம் தெரியும். இதில் ஏமாற ஒன்றும் இல்லை. அங்குலத்துக்குப் பத்து போடும்போது ஒன்று கோணினால் மற்ற ஒன்பது மறைத்துவிடும். நாலு போடும்போது ஒன்று கோணினால் கால்வாசி கோணல். பெரிய தையல் சுலபம் என்று சொல்பவர்கள் கறுப்புத் துணியில் வெள்ளை நூலால் ஒரு சாண் தைத்துப் பார்க்கட்டும்.

நூலின் நீளத்திலும் பேராசை கூடாது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, அதாவது ஒரு முழம், ஏறக்குறைய 45 செண்டிமீட்டர். ஊசி சரியாக இருந்தாலும் நூல் கொஞ்சம் தேயத்தான் செய்யும். இரண்டு முழம் வெட்டி முடிச்சு போடும் வேலையை மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்தால், கடைசி முழம் பழைய நூலாகத்தான் துணியில் போய்ச் சேரும். முடிச்சும் இங்கே தனிப்பிரச்சினை. மெல்லிய நூலின் முடிச்சை ஒரு சுண்டு சுண்டினால் மேல்துணியைத் தாண்டிப் பஞ்சுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். 8-ஆம் எண்ணின் முடிச்சு குண்டு. வேகமாக இழுத்தால் அடுத்த பக்கம் வழியாக எட்டிப் பார்க்கும், மெதுவாக இழுத்தால் வாசலிலேயே நிற்கும். ஊசியில் மூன்று சுற்று சுற்றிக்கொண்டிருந்தவன் இரண்டாகக் குறைத்தேன். ஊசி முனையால் இழையை லேசாக விலக்கி, முடிச்சை உள்ளே விட்டு, நகத்தால் கீறி மூடிவிடுகிறேன்.

அத்தை சொன்னது

சோதனைத் துண்டை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனது அவரை ஜெயிக்க இல்லை என்று எழுத ஆசைதான். ஜெயிக்கத்தான் போனேன். ஜீஸ் பெண்ட் வாதம் நாக்கு நுனியில் இருந்தது. அவர் வழக்கம் போலத் துண்டைப் புரட்டிப் பின்பக்கம் போனார். ஒன்பது வரிசையையும் விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். பேனாவால் எழுதியிருந்த எண்களைக் கண்டுகொள்ளவில்லை. நாலாவது வரிசையில் விரல் நின்றது.

"இது எந்த ஊசி?"

சொன்னேன்.

"ம். இது உக்காந்திருக்கு" என்றார்.

"அன்னைக்கு ரொம்பப் பெருசா இருக்குன்னுதானே அத்தை சொன்னீங்க?"

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "பெருசுன்னு நான் எப்போடா சொன்னேன்? ஒண்ணு இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, பக்கத்துல ஒண்ணு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. பல்லு அப்படித்தானே இருந்துச்சு? ஏதோ ஊசி சரியில்லைன்னு நினைச்சேன். உனக்கே தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்."

உனக்கே தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டாராம். ஒரு வருடம். நான் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்த அந்த இறுக்கமும் தளர்வும், அந்த நெருடல், அவர் விரல் அரை நிமிடத்தில் படித்து முடித்தது. ஜீஸ் பெண்ட்டை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

அத்தை ஊசியைக் கேட்டு வாங்கினார். விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்துவிட்டு, "கோணி ஊசி மாதிரில்ல இருக்கு" என்றார். துண்டின் ஓரத்தில் காலியாக இருந்த இடத்தில் ஐந்தாறு தையல் போட்டார். அளவுகோல் தேவைப்படவில்லை, அங்குலத்துக்கு ஏழாவது இருக்கும். தடித்த நூலில் ஏழு போட்டால் வாசல் படியில் கூட்டம் சேர்ந்தது போல ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. அவருக்கே பிடிக்கவில்லை. "கை நீள மாட்டேங்குது பாரு" என்று முனகிக்கொண்டே ஊசிக் காதால் ஒவ்வொன்றாக நெம்பிப் பிரித்தார். பிரித்த நூலை நீவிப் பார்த்துவிட்டுத் தூரப் போட்டார்.

"வேற நூல் வெட்டிக் குடு. அந்த மஞ்சள். ரொம்ப நீளமா வெட்டாதே."